கிணற்றடியிலிருந்து கீறிய வீடு

வலிகாமம் வடக்கில் பிறந்த உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சோளகம் பெயர்ந்தால் செம்பாட்டுப் புழுதி கண்ணுக்குள் விழும். வாடை தொடங்கினால் மயிலிட்டிக் கருவாட்டு மணம் விறாந்தை வரைக்கும் வரும். சீமெந்து ஆலைச் சங்கு ஊதினால்தான் பெரியம்மா உலை வைப்பா. சைக்கிள் பெட்டியில் மீன் கொண்டு வருகிறவர் ஒழுங்கை முகப்பில் நின்று ஹோர்ன் அடிப்பார். வேலிப் பொட்டுக்குள்ளால் பூனைகள் முந்திப் போகும்.

1990 ஆனியில் எல்லாவற்றையும் விட்டு ஓடினோம்.

பிறகு மல்லாகத்து முகாம் கொட்டிலில், பேரனின் கொப்பியில் பெரியம்மா வீட்டைக் கீறினா. முதலில் கிணறு. துலா, ஆடுகால், உடுப்புத் தோய்க்கிற கல், கழிவு நீர் ஓடுகிற வாய்க்கால், அதன் கரையில் வாழைகள். அதற்கே அரைத்தாள் போய்விட்டது. அறைகள் மூன்றையும் மூலையில் தீப்பெட்டி அளவில் ஒதுக்கினா. தேசிமரம் எந்தப் பக்கம் என்று பெரியப்பாவோடு பெரிய தர்க்கம். இரண்டு பக்கமும் கீறிய பிறகுதான் சமாதானம். மாட்டுக்கொட்டிலுக்கு வந்ததும் பென்சிலை வைத்துவிட்டா. அவிழ்த்து விட்டுவிட்டு வந்த மாடு.

ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ நூலைப் புரட்டியபோது அந்தக் கொப்பித்தாள்தான் நினைவில் வந்தது. இடம்பெயர்ந்த எண்பது பேர் தங்கள் வீட்டை நினைவிலிருந்து கீறிக் கொடுத்திருக்கிறார்கள். அதே வீட்டின் கட்டடக்கலை வரைபடம் அடுத்து வரும். அதற்கும் அடுத்தது சனாதனனின் ஓவியம். 1990 ஐப்பசியில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் சனங்களின் வீடுகளும் அதில் உண்டு. அவை இல்லாமல் எங்கள் துயரத்தை மட்டும் பேசினால் அது நேர்மையாகாது. கட்டடக்கலைஞரின் கோடுகள் நேரானவை, அளவும் சரி. ஆனால் என் மனம் ஒவ்வொரு முறையும் முந்தின பக்கத்துக்கே திரும்பியது. கை நடுங்கின கோட்டில்தான் ஆள் இருக்கிறார்.

இராணுவம் காணியை விட்டபோது போய்ப் பார்த்தோம். வேலியில்லை, ஒழுங்கையில்லை, எங்கள் காணி எது, அயலவர் காணி எது என்று பிரித்தறிய ஒரு மரமும் இல்லை. கிணறு மூடுண்டு கிடந்தது. பெரியம்மா அதைப் பார்க்க இருக்கவில்லை. கொப்பித்தாளும் ஏதோவொரு இடப்பெயர்வில் தொலைந்து போயிற்று.

உங்கள் வீட்டில் வயது போனவர்கள் இருந்தால் இன்றைக்கே ஒரு தாளைக் கொடுத்துக் கீறச் சொல்லுங்கோ. அளவைத் திருத்தாதேங்கோ.