பிரியதத்தம்

பாட்டி சொன்ன செபமும் நான் மறைக்கல்வியில் கற்ற செபமும் ஒன்றுதான். சொற்கள்தான் வேறு. எனக்கு அது ‘அருள்நிறை மந்திரம்’, அவருக்குப் ‘பிரியதத்தம்’. நான் இயேசு என்பேன், அவர் சேசு என்பார். எனக்குக் கடவுள், அவருக்குச் சர்வேசுரன். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–65) பிறகு பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்தது. செபங்களின் தமிழும் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. 1995இல் பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியம் வந்தபோது இராயப்பர் பேதுரு ஆனார், சின்னப்பர் பவுல் ஆனார். "யாருய்யா அந்தப் பவுலு? பதிதரு ஆளா?" என்று பாட்டி ஒருமுறை கேட்டார். பதிதர் என்றால் புராட்டஸ்டண்டுகள். லத்தீனில் பவுலுஸ் என்றால் சிறியவர். அதைத்தான் பழைய ஆட்கள் அழகாகச் சின்னப்பர் என்று தமிழாக்கியிருந்தார்கள். எனக்கு இன்றைக்கும் சின்னப்பர்தான் பிடிக்கும்.

பாட்டி 1932இல் பத்தாங் பெர்ஜுந்தாய்க்கும் புக்கிட் ரோத்தானுக்கும் இடையில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். அவருடைய அப்பா பால்மரம் வெட்டி முடித்த கையோடு மாடு மேய்க்கப் போவார். ஜப்பான்காரன் காலத்தில் அவரைச் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். திரும்பவில்லை. மாடுகள் பாட்டியின் பொறுப்புக்கு வந்தன. பதின்மூன்று வயதில் கையில் உளியும் வந்தது. காலை நாலு மணிக்கு எழுந்து சாணி அள்ளி, பால் கறந்து, பெரட்டுக்கு ஓட வேண்டும். இதையெல்லாம் அவர் கஷ்டம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. மாடுகளின் பெயர்களை மட்டும் வரிசையாகச் சொல்வார்.

தோட்டத்துக்குச் சாமியார் மாதத்தில் ஒருமுறைதான் வருவார். மழை பெய்து மண்சாலை கெட்டுவிட்டால் அதுவும் இல்லை. மற்ற நாட்களில் லயத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்குப் பாட்டிதான் எல்லாம். செபம் சொல்லித் தருவது, சாவு வீட்டில் முன்னால் நிற்பது, தவக்காலத்தில் யார் வீட்டில் கருவாடு வாசம் வருகிறது என்று பார்ப்பது (இது யாரும் கொடுக்காத வேலை). சாகக் கிடக்கும் குழந்தைக்கு யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது திருச்சபைச் சட்டம். அப்படிப் பாட்டி பதினோரு பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறார். "நாலு பொழைச்சிச்சு" என்பார். மீதி ஏழின் பெயர்களும் அவருடைய இரவுச் செபத்தில் இருந்தன. அதில் இரண்டு அவர் பெற்றவை.

செபமாலையை ஒருவர் தனியாகவும் சொல்லலாம். ஆனால் கூடிச் சொல்லும்போது மந்திரத்தின் முதல் பாதியை ஒருவர் சொல்ல, மறுபாதியை மற்றவர்கள் சொல்வார்கள். 1948இல் அவசரகாலம் வந்து தோட்டத்தில் ஊரடங்கு போட்டதும் ராத்திரியில் ஒரு வீட்டில் கூட முடியவில்லை. பாட்டி அப்போதுதான் கல்யாணமாகி அந்த லயத்துக்கு வந்திருந்தார். அவரவர் வீட்டிலேயே இருந்து செபம் சொல்லலாம் என்றாராம். லயத்தில் வீட்டுக்கு வீடு பலகைத் தடுப்புதான், அதுவும் கூரை வரை போகாது. ஒலித்தடுப்பு என்று பார்த்தால் படுமோசமான கட்டடம். பாட்டி விளக்கை அணைத்துவிட்டு முதல் பாதியைச் சத்தமாகச் சொல்வார். தடுப்புக்கு மேலாக வீடு வீடாக மறுபாதி வந்து சேரும். ஊரடங்கு போன பிறகும் அந்த லயத்தில் இதுவே பழக்கமாகிவிட்டது.

பிறகு செம்பனை வந்தது. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் எங்கள் பக்கத்துத் தென்னமரம்தான். 1917இல் அங்கே நட்டவர் ஆன்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பின்னாளில் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930இல் கொன்கூர் பரிசு வாங்கியவரும் அவரே. பாட்டியின் தோட்டத்தில் ரப்பரை வெட்டிச் செம்பனை வைக்க இன்னும் பல வருடங்கள் ஆயின. செம்பனைக்கு அவ்வளவு ஆள் தேவையில்லை. ஒவ்வொரு வீடாகக் கிள்ளானுக்கும் ரவாங்குக்கும் போனது. கடைசியில் பாட்டியும் பட்டணத்தில் ஒரு மலிவு விலை வீட்டுக்கு வந்தார். பத்தாங் பெர்ஜுந்தாயும் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. பெயர் மாற்றத்தைப் பாட்டி கடைசி வரை ஏற்கவில்லை.

யுனிசெல்லில் பொறியியல் படித்த நான்கு வருடமும் நான் அந்த வீட்டில்தான் தங்கினேன். கல்லறைகளைப் போல நல்ல சுவர், செங்கல்லும் சிமெண்டும். ராத்திரி பாட்டி முதல் பாதியையும் சொல்வார், கொஞ்சம் மூச்சு விட்டு மறுபாதியையும் சொல்வார். குரல்கூட மாறும். ஏன் இப்படி என்று கேட்டேன். "பதில் சொல்ல ஆளு இல்லேன்னா நானேதான்யா சொல்லணும்" என்றார். ரெண்டாவது வருடத்தில் பழைய வார்த்தைகளை எனக்குச் சொல்லித் தந்தார். அசைன்மெண்ட் செய்துகொண்டே பதில் சொல்வேன். தூங்கி வழிந்தால் காலால் இடிப்பார்.

அங்குள்ள ஆலயம் வனத்துச் சின்னப்பருக்கு உரியது. எகிப்துப் பாலைவனத்தில் பனை ஓலையை உடுத்தி 113 வயது வரை தனியே வாழ்ந்தவர் என்று புனித ஜெரோம் எழுதியிருக்கிறார். தினமும் ஒரு காகம் பாதி அப்பம் கொண்டுவருமாம். அந்தோணியார் பார்க்க வந்த அன்று மட்டும் முழு அப்பம். வீட்டுக்கு யாராவது திடீரென்று வந்துவிட்டால் பாட்டி, "காக்காவுக்குத் தெரியும்" என்று சொல்லி இன்னொரு கைப்பிடி அரிசி போடுவார்.

போன வருடம், 92 வயதில் பாட்டி இறந்தார். முதல் நாள் ராத்திரி ஆலயத்து அன்பியக் குழு வந்து செபமாலை சொன்னது, புதிய தமிழில். அவர்கள் ஓய்ந்த நேரத்தில் ஜெராமிலிருந்து ஓர் ஆயாவை அவருடைய மகன் காரில் அழைத்து வந்தார். நெற்றி நிறைய விபூதி. லயத்தில் பாட்டிக்கு அடுத்த வீட்டில் பிறந்து வளர்ந்தவராம். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர், "அக்கா சொல்றதை யாரும் சொல்லலியா?" என்றார். என்னைக் காட்டினார்கள். "ஆரம்பி தம்பி" என்றார்.

நான் பிரியதத்தத்தின் முதல் பாதியைச் சொன்னேன். ஆயா மறுபாதியைத் தடையில்லாமல் சொன்னார். ஒரே ஒரு சொல் மட்டும் அவர் வாயில் வேறு ஏதோவாக வந்தது, பலகைக்கு மேலாகக் கேட்டபடி. குழுத் தலைவர் திருத்தப் பார்த்தார். என் அம்மா கையைக் காட்டி நிறுத்திவிட்டார். 53 மணியும் அந்தச் சொல்லோடுதான் போனது. முடிந்ததும் ஆயா சுடுதண்ணீர் கேட்டார், தொண்டை கட்டிவிட்டதாம்.