கதவில்லாத வீடு

விடுமுறைக்கு வந்திருக்கும் பேரன், "தாத்தா, நீங்க இங்கிலீஷ் வாத்தியார்தானே, இதை விளையாடிப் பாருங்க" என்று லேப்டாப்பை என் பக்கம் திருப்பினான்.

படமும் இல்லை, சத்தமும் இல்லை. திரையில் சில வரி ஆங்கிலம் மட்டும். நான் ஒரு வெள்ளை வீட்டுக்கு மேற்கே நிற்கிறேனாம். முன்கதவைப் பலகை அடித்து மூடியிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு தபால் பெட்டி. அடுத்து என்ன செய்வது என்பதை நாம்தான் டைப் செய்ய வேண்டும். "ஓப்பன் மெயில்பாக்ஸ்" என்று அடித்தேன். திறந்தது! முப்பத்திரண்டு வருடம் கரும்பலகையில் நான் எழுதிய கட்டளை வாக்கியம் அன்றுதான் ஒரு வேலை செய்தது.

இந்த விளையாட்டின் பெயர் ஸோர்க். 1977-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் நான்கு பேர் எழுதத் தொடங்கியது. இதற்கு முன்னோடியை எழுதியவர் வில் கிரௌதர். கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுபவர், குகைகளுக்குள் இறங்கி வரைபடம் போடுபவர். மணவிலக்குக்குப் பிறகு, தன் பெண் குழந்தைகள் விளையாடட்டும் என்று, தனக்குத் தெரிந்த கென்டக்கி மாமத் குகையையே வார்த்தைகளால் கட்டிக் கொடுத்தார்.

பிறகு வந்த கதைகள்தான் எத்தனை விதம்! 'டெட்லைன்' (1982) விளையாட்டில் நாம் துப்பறிபவர். பூட்டிய அறைக்குள் ஒரு பணக்காரர் இறந்து கிடக்கிறார், கையில் பன்னிரண்டு மணி நேரம்தான். இன்னொன்றில் (1985) நாமே ஒரு கம்ப்யூட்டர். ஓர் ஊரின் எதிர்காலத்துக்குள் நடந்து பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். 'பியூரோக்ரஸி' (1987) விளையாட்டில் பிரச்சினையே முகவரி மாற்றம்தான். இதைக் கேட்டதும் நான் சிரித்துவிட்டேன். நமக்குத் தெரியாத கதையா!

ஆனால் என்னை உறுத்தியது வேறு. தெரியாத சொல்லை அடித்தால் ஸோர்க், "எனக்கு அந்தச் சொல் தெரியாது" என்கிறது. உனக்குத் தெரியவில்லை என்று சொல்வதில்லை. நாம் வேறு வார்த்தையில் மறுபடி சொல்லும்வரை காத்திருக்கிறது.

எட்டாம் வகுப்பில் 'என் வீடு' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். எல்லோரும் நோட்ஸில் இருந்ததை அப்படியே எழுதினார்கள். ஒரு பையன் மட்டும், "மை ஹவுஸ் நோ டோர். நைட் கோட் கம்" என்று எழுதியிருந்தான். என் வீட்டுக்குக் கதவில்லை, ராத்திரியில் ஆடு உள்ளே வரும். நான் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, வகுப்பில் சத்தமாகப் படித்தும் காட்டினேன். "இவனுக்கு ஒண்ணும் புரியலை" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அதன்பிறகு அவன் சொந்தமாக ஒரு வாக்கியம்கூட எழுதவில்லை. நோட்ஸை மனப்பாடம் செய்தான். பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் 38 மதிப்பெண் எடுத்தான். பாஸ் செய்துவிட்டான் என்று அன்று நானும் திருப்திப்பட்டுக்கொண்டேன்.

அவன் எழுதிய இரண்டு வரியில் எழுவாய், பயனிலை சரியில்லைதான். ஆனால் அதில் ஒரு வீடு இருந்தது, இருட்டு இருந்தது, ஓர் ஆடும் இருந்தது. "அப்புறம் என்ன ஆச்சுடா?" என்று கேட்டிருந்தால், இன்னும் நாலு வரி எழுதியிருப்பான். எனக்குப் புரியவில்லை, மறுபடி சொல்லு என்று அந்த முப்பத்திரண்டு வருடத்தில் எந்தப் பிள்ளையிடமும் நான் சொன்னதாக நினைவில்லை.

ஸோர்க்கில் முன்கதவு கடைசிவரை திறக்கவில்லை. "சுத்திப் போய்ப் பாருங்க தாத்தா" என்றான் பேரன். போனேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ஜன்னல் லேசாகத் திறந்திருந்தது.

பணியில் இருக்கும் ஆசிரிய நண்பர்களே, அடுத்த முறை சிவப்புப் பேனாவை எடுக்கும்போது, அந்தப் பிள்ளையை ஒரு தரம் கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள்.