கீரியின் வாயில் இருந்த குருதி

கம்பம்மெட்டில் நின்று கிழக்கே நோக்கினால் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களும் திராட்சைத் தோட்டங்களும் தெரியும், மேற்கே ஏலக்காடுகள். நாள்தோறும் ஜீப்புகளில் மலையேறி வேலைக்கு வரும் நம்மவர்க்கும், மேலேயே குடியேறிவிட்ட நம் குடும்பங்களுக்கும் விலங்கு என்பது வெறும் கதைப்பொருளன்று. வழியில் எதிர்ப்படக்கூடிய உயிருமாகும். ஆதலின், தோற்றத்திற்கும் உண்மைக்கும் உள்ள தொலைவை விலங்குக் கதைகள் எவ்வாறு காட்டின என்று நாம் எண்ணிப் பார்த்தல் நலம்.

பாட்டிமார் சொன்ன கீரிப்பிள்ளைக் கதையை அறியாதார் யார்? குழந்தையைத் தீண்ட வந்த பாம்பைக் கொன்று, குருதி படிந்த வாயோடு எதிரே வந்து நின்றது கீரி. தாய் கண்டது குருதியை மட்டுமே. தொட்டிலைப் பார்க்குமுன் கீரியைக் கொன்றுவிட்டாள். பஞ்சதந்திரத்தில் வரும் இக்கதையைச் சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையும் எடுத்தாள்கிறது. ஆயினும் இளங்கோவடிகள் அம்மட்டில் நிற்கவில்லை. அப்பழியால் கணவனைப் பிரிந்து அலைந்த பெண்ணின் துயரைக் கோவலன் தானம் செய்து தீர்த்தான். கணவனோடு அவளைச் சேர்த்தும் வைத்தான். பிழைபடக் கண்டவளும் இரக்கத்திற்குரியவளே என்பது அங்கே விளங்குகிறது.

மலையாளத்தில் தகழி சிவசங்கரப்பிள்ளை எழுதிய 'வெள்ளப்பொக்கத்தில்' என்னும் சிறுகதையை இங்கு வளரும் நம் பிள்ளைகள் படித்தல் வேண்டும். குட்டநாட்டு வெள்ளத்தில் சேன்னன் என்னும் ஏழை, மனைவி மக்களோடு தோணியேறிச் செல்கிறான். நாய் கூரைமேல் விடுபடுகிறது. பசியோடு கிடந்தும் அது திருடர்களைக் கண்டு குரைத்துக் காவல் காக்கிறது, முடிவில் மாள்கிறது. வெள்ளம் வடிந்தபின் தேடி வரும் சேன்னன் ஒரு நாயின் பிணத்தைக் காண்கிறான். அழுகிய அவ்வுடல் தன் நாய்தானா என்று அவனால் அறியக்கூடவில்லை. தாய் கண்டதும் தீர்ப்பளித்தாள். சேன்னனோ கண்டும் அறிந்திலன்.

இவை கதைகள்தாமே என்பார்க்கு நம் மலையிலேயே சான்றுண்டு. இடுக்கி மாவட்டச் சின்னக்கானலில் ரேஷன் கடையையும் வீடுகளையும் உடைத்து அரிசி தின்ற ஆண் யானைக்கு 'அரிக்கொம்பன்' என்று பெயரிட்டனர். 2023 ஏப்ரலில் அதனைப் பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டனர். மே 27 அன்று அது கம்பம் நகருக்குள்ளேயே நுழைந்தது. அன்று காயமுற்ற ஒருவர் பின்னர் உயிர் நீத்தார். ஜூன் 5 அன்று தமிழக வனத்துறையினர் அதனைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைப் பகுதிக்குக் கொண்டு சென்றனர்.

சிலர் அதனைக் கொலைகாரன் என்றனர். தொலைவிலிருந்த சிலரோ அதற்கு ரசிகர் மன்றமே அமைத்தனர். இரு சாராரும் யானையைக் கண்டனரா? இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலமற்ற பழங்குடியினர் 301 குடும்பங்களுக்குச் சின்னக்கானலில் நிலம் அளிக்கப்பட்டது. அவ்விடம் யானைகள் நடமாடும் காடு. தகரக்கூரையின்கீழ் உறங்காது கிடந்த அன்னையின் அச்சம் மெய். காட்டை இழந்த யானையின் பசியும் மெய். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பவர் குருதியைக் கண்டு தொட்டிலைக் காணாதவரே.

மனிதரிடத்தும் இதுவே நிகழ்கிறது. பேச்சின் சாயலைக் கேட்டவுடனே, இவர் இன்னார் என்று முடிவு கட்டுவோரை எல்லை கடந்து பிழைக்கும் நாம் அறிவோம். அதே அவசரத்தோடு நாமும் அண்டை வீட்டாரை அளக்கலாகாது.

ஆகவே அன்பர்களே, இக்கதைகளை இரவில் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கீரி வாசலில் வந்து நிற்கும் இடத்தில் சற்றே நிறுத்தி, "தாய் இப்பொழுது என்ன செய்திருக்க வேண்டும்?" என்று கேளுங்கள். "தொட்டிலைப் போய்ப் பார்த்திருக்க வேண்டும்" என்று ஒரு பிள்ளையேனும் சொல்லும்.