பெட்டி பூட்டிய பயணம்

லண்டனிலுள்ள மச்சான் குடும்பம் போன கோடையில் ஸ்பெயினைக் காரில் சுற்றி வந்தது. காரின் பின்னால் ஒரு கரவன். உள்ளே கட்டில், காஸ் அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, ஜன்னலுக்குத் திரைச்சீலை. வட்ஸ்அப்பில் வந்த படங்களை அம்மம்மாவிடம் காட்டினேன். "நம்மட மிசின் பெட்டிதானே மனே, கூரை போட்டு அடைச்சிரிக்கானுகள்" என்றார்.

அவர் சொன்னதில் பிழையில்லை. நாவிதன்வெளியிலிருந்து உகந்தை முருகனிடம் போக எங்கள் வீட்டில் முன்பு மாட்டு வண்டில் கட்டினார்கள். பிறகு மிசின், அதாவது உழவு இயந்திரம், வந்தது. 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம். ஹயஸ் வான் பிடித்தால் காலையில் போய் மாலையில் வந்துவிடலாம்தான். ஆனால் அப்படிப் போனவர்களிடம் வழியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், தூங்கிவிட்டோம் என்பார்கள்.

மாமாவின் மெசி பெர்குசனுக்குப் பின்னால் இரண்டு சில்லுப் பெட்டி. அடியில் வைக்கோல், அதன்மேல் பாய். வளைத்த குழாய்களுக்கு மேல் படங்கு. ஏற்றுவதற்கு முறை உண்டு. அரிசிச் சாக்கும் கிடாரமும் விறகும் முன்னுக்கு, சனம் நடுவில், பின்பக்கம் பாரமே கூடாது. "பின்னுக்குப் பாரம் போனா பெட்டி மூக்கத் தூக்கும், மிசின்ட பின் சில்லுக்குப் பிடி இரிக்காது, மணல்ல சுத்திக்கொண்டு நிப்பம்" என்பார் மாமா. மச்சானிடம் கேட்டேன், கரவன்காரருக்கும் இதே விதிதானாம். பாரம் அச்சுக்கு மேலேயும் சற்று முன்னாலேயும் இருக்க வேண்டும், பின்பாரம் கூடினால் வேகத்தில் கரவன் வாலாட்டத் தொடங்கிக் காரையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் ஸ்பெயினின் பெருந்தெருக்களில் தனிக்காருக்கு 120 கிலோமீட்டர் வேகமென்றால், கரவன் இழுப்பவருக்கு 90. எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. மெசி 25 போனாலே அம்மம்மா பிள்ளையாரைக் கூப்பிடுவார்.

அப்படி ஒரு பயணத்தில் விடியுமுன் கிட்டங்கி தாம்போதியைத் தாண்டினோம். கோடையில் அது சும்மா ஒரு வீதி. மாரியில் வெள்ளம் மேவினால் கல்முனைக்கும் எங்களுக்கும் தொடர்பு இந்தப் பெட்டிதான். காரைதீவில் மேற்கே பிரியும் அம்பாறை வீதியில், மாவடிப்பள்ளியில், 2024 நவம்பர் 26 அன்று மத்ரசா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரம் வெள்ளத்தோடு போனது, பிள்ளைகள் இறந்தார்கள். மிசின் எந்தத் தண்ணீரையும் தாண்டும் என்ற நம்பிக்கை அன்றோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. வேறு வழியில்லாத இடத்தில் சனம் இன்னும் ஏறுகிறது.

கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை. வீடுகள் விட்டுப்போகாத கரையோரம் இது. ஒரு முஸ்லிம் ஊர், ஒரு தமிழூர், மறுபடி முஸ்லிம் ஊர். மிசினின் வேகத்தில் போனால் தெருவில் நிற்பவர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லி முடிக்கலாம். அக்கரைப்பற்றில் தேத்தண்ணிக் கடைக் காக்கா, குழந்தையின் பால் போத்தலுக்குச் சுடுதண்ணீர் ஊற்றிவிட்டுக் காசு வாங்க மறுத்தார். "சுடுதண்ணிக்கும் காசா? வரக்குள்ள இதில நிப்பாட்டிட்டுப் போங்க."

திருக்கோவிலில் சித்திரவேலாயுதரைக் கும்பிட்டு, கடற்கரை மரநிழலில் சோறும் கருவாட்டுக் குழம்பும்... இல்லை, நேர்த்திக்காரர் இருந்ததால் பருப்புத்தான். கோமாரிப் பக்கம் வீடுகள் குறைந்து பற்றை தொடங்கும். இலங்கையின் கிழக்குக் கோடியான சங்கமன்கண்டி முனை இந்தப் பக்கம்தான். ஒரு பலகையாவது பெரிதாக வைக்கலாம். பொத்துவிலைத் தாண்டி அறுகம்பைப் பாலம். 2004 சுனாமி பழையதை உடைத்தபின் கட்டியது. பாலத்துக்கு அப்பால் அலைச்சறுக்க வந்த வெள்ளைக்காரர்கள் முச்சக்கர வண்டியை வாடகைக்கு எடுத்துத் தாங்களே ஓட்டித் திரிகிறார்கள். ஒரு சோடி எங்கள் பெட்டியைப் படம் எடுத்தது. அம்மம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

பாணமைக்குப் பிறகு கிரவல் பாதை. யானை லத்தி சூடாகக் கிடந்தது. மாமா பேச்சை நிறுத்தி மிசினை மட்டும் பார்த்தார். பொழுது சாயமுன் உகந்தை. அங்கே மரங்களுக்கிடையில் பெட்டியைப் பின்னால் தள்ளி நிறுத்துவதுதான் ஓட்டியின் பரீட்சை. பெட்டி வலப்பக்கம் போக ஸ்டேரிங்கை இடப்பக்கம் ஒடிக்க வேண்டும்; கொஞ்சம் கூடினால் பெட்டி மடங்கி மிசினில் இடிக்கும். சுற்றி நின்ற எல்லோரும் ஆளுக்கொரு திசை காட்ட, மாமா யாரையும் பார்க்காமல் ஒரே தள்ளில் ஏற்றினார்.

இதற்கு மேல் வாகனத்துக்கு வேலையில்லை. யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியிலிருந்து நடந்து வந்தவர்கள், திருவிழாக் காலத்தில் திறக்கும் காட்டுப்பாதையால் குமண, யால வழியே கதிர்காமம் போவார்கள். நாங்கள் வள்ளியம்மன் மலையேறி, பாறைச் சுனைகளைப் பார்த்து, இரவு படங்கின் கீழ் படுத்தோம். கரவனில் மெத்தை இருக்கலாம். வைக்கோலை மெத்தையால் வெல்ல முடியாது என்பது என் தீர்ப்பு.

போக நினைப்பவர்கள் பாணமையிலேயே தண்ணீரை நிரப்பிக்கொள்ளுங்கள். பெட்டி பூட்டிய ஆணிக்குப் பூட்டுக்கம்பி போட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் பாருங்கள். மழைக்காலத்தில் புறப்படாதீர்கள். சோற்றுப் பொலித்தீனைக் காட்டில் எறியாமல் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். அதை யானை தின்னும்.