பதம்

சென்ற சித்திரையில் ஒரு முன்னிரவு, பாகூரில் அண்ணன் போட்ட கான்கிரீட் களத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு, எனக்குச் சற்றும் தெரியாத ஒரு காரியத்தில் உறுதியாக ஒரு முடிவு சொன்னேன். வகுப்பறையில் நெடுங்காலம் நின்றவனுக்கு வரும் வியாதி அது.

அந்தக் களம் எங்கள் தந்தையார் விட்டுச்சென்ற இரண்டு காணி நிலத்தின் முகப்பில் இருக்கிறது. நிலம் அப்போது பிரிக்கப்படவில்லை. பேச்சு எழுந்தபோதெல்லாம் "நான் கண்ண மூடினப்புறம் பிரிச்சிக்குங்க" என்பாள் அம்மா. எனக்கும் அது வசதியாக இருந்தது. நெல் காயவும் லாரி வந்து திரும்பவும் 24 மீட்டர் நீளம், 16 மீட்டர் அகலத்தில் களம் போடப்போவதாக அண்ணன் சொன்னபோது, "உன் இஷ்டம்ணே" என்று மட்டும் சொன்னேன். அந்தப் பதிலில் சம்மதமும் இருந்தது, கொஞ்சம் விலகலும் இருந்தது. அவருக்கும் அது தெரியும்.

தளத்தின் கனம் 150 மில்லிமீட்டர். கம்பிவலைக்குப் பதிலாக எஃகு இழை கலந்தார்கள். விரல் நீளமுள்ள, இரு முனையும் மடங்கிய மெல்லிய கம்பித் துண்டுகள். கன மீட்டருக்கு 25 கிலோ வீதம் ஏறத்தாழ ஒன்றரை டன் இழை அந்தக் களத்துக்குள் போயிற்று. களிமண்ணில் வைக்கோலை மிதித்துக் குழைத்துச் சுவர் வைத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதன் தத்துவம் புதிதல்ல.

ஆனால் இழை கலந்தாலும் கான்கிரீட் வெடிக்கும். சிமெண்டும் நீரும் சேரும்போது உள்ளே சூடு பிறக்கிறது. பிறகு அது தணிகிறது. மிகுதி நீரும் ஆவியாகிறது. இரண்டாலும் தளம் சுருங்குகிறது. அடியிலுள்ள தரையோ அதை நகரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. அமுக்கத்தைத் தாங்குவதில் கான்கிரீட் மகாபலசாலி. இழுவையைத் தாங்கும் வலிமை அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். ஆகவே எங்காவது வெடித்தே தீரும். மனிதன் செய்யக்கூடியது ஒன்றுதான்: எங்கே வெடிக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே ரம்பத்தால் கோடு போட்டுச் சொல்லிவைப்பது. நான்கு மீட்டருக்கு ஒரு கோடு, கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 50 மில்லிமீட்டர் ஆழம். வெடிப்பு அந்த வெட்டுக்கு அடியில் ஒளிந்து நேராக இறங்கிவிடும்.

கோடு எங்கே என்பதைக் கணக்கு சொல்லிவிடும். எப்போது என்பதுதான் சிக்கல். முன்னதாக வெட்டினால் ஜல்லி பெயர்ந்து விளிம்பு சிதையும். எஃகு இழைகள் அறுபடாமல் பிடுங்கிக்கொண்டு வரும். தாமதித்தால் ரம்பத்தை முந்திக்கொண்டு வெடிப்பு ஓடிவிடும். தண்ணீர் விட்டு வெட்டும் சாதாரண ரம்பத்துக்கு, மேற்பரப்பைத் தேய்த்து முடித்ததிலிருந்து வெயிற்காலத்தில் 4 மணி, குளிர்காலத்தில் 12 மணி என்கிறது அமெரிக்கக் கான்கிரீட் நிறுவனத்தின் கையேடு. சில மணி நேரத்திலேயே உலர்வெட்டாக ஆழமில்லாமல் வெட்டும் சிறு இயந்திரங்களும் உண்டு. இவற்றையெல்லாம் பிற்பாடுதான் படித்தேன்.

அன்றைக்கு வெட்டு இயந்திரத்தோடு வந்திருந்தவர் சேதராப்பட்டுத் தொழிற்கூடங்களில் தளம் வெட்டிப் பழகியவர். என்னைவிட மூத்தவர். அண்ணன் வேறு வேலையாகப் போயிருந்ததால் மேற்பார்வை என்னுடையது. விடியலில் தொடங்கிய வேலை, தேய்த்து முடியும்போது மாலை 4 மணி. ஆறரை மணிக்கு அவர் ஓரத்தில் ஒரு சாண் வெட்டிப் பார்த்தார். விளிம்பு பொடிந்தது, இரண்டு மூன்று இழைகள் நிமிர்ந்து நின்றன. ஆணியால் கீறிப் பார்த்துவிட்டு, "இன்னும் பதம் வரல சார். எட்டு, எட்டரை ஆவும்" என்றார்.

பதம் என்றால் சொல், பதம் என்றால் பக்குவம் என்று ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பவன் நான். 9ஆம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்மன் காலத்தில், மூன்று ஊர்களை மானியமாகப் பெற்ற வித்யாஸ்தானம் இருந்த பாகூர் இது என்று செப்பேட்டை ஆதாரம் காட்டிப் பெருமை பேசுகிறவனும் நான்தான். அவர் சொன்ன சொல் எனக்குக் கேட்கவில்லை. வில்லியனூருக்குத் திரும்ப வேண்டும், திருத்த வேண்டிய விடைத்தாள்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. "காலையில வெட்டிக்கலாங்க. அதான் ஃபைபர் போட்டிருக்கே" என்றேன்.

"ராத்திரியே வெட்டிட்டா நல்லது சார்" என்று ஒருமுறை சொன்னார். நான் பதில் சொல்லவில்லை. இயந்திரத்தைத் தார்ப்பாய் போட்டு மூடினார்.

நள்ளிரவுக்குமேல் கோடை மழை அடித்தது. பகலெல்லாம் கொதித்த தளம் ஒரேயடியாகக் குளிர்ந்திருக்க வேண்டும். காலையில் போய்ப் பார்த்தபோது, மூட்டை ஏற்றும் மேடையின் மூலையிலிருந்து புறப்பட்டு ஒரு வெடிப்பு, வாய்க்காலைப்போல வளைந்து வளைந்து எதிர்ப்பக்கம் வரை போயிருந்தது. சுண்ணாம்புத்தூளால் நேராகப் போட்டுவைத்திருந்த கோடுகளில் ஒன்றைக்கூட அது மதிக்கவில்லை.

வெட்டுபவர் என்னைக் குறை சொல்லவில்லை. குந்தி உட்கார்ந்து நகத்தை வைத்துப் பார்த்தார். நகம் இறங்கவில்லை. "உள்ள ஃபைபர் புடிச்சிட்டிருக்கு சார். அகலாது. ஆனா வெடிக்காம இருக்கறது அதோட வேல இல்ல" என்றார். பிறகு மீதிக் கோடுகளை ஒவ்வொன்றாக வெட்டத் தொடங்கினார்.

அண்ணன் மதியம் வந்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். வெடிப்பின் நீளத்துக்கு மெதுவாக நடந்துவிட்டு, "விடுடா, நெல்லு காயறதுக்கு என்ன" என்றார். வேறொருவர் செய்திருந்தால் கத்தியிருப்பார். என்னிடம் கத்தவில்லை என்பதுதான் என்னை உறுத்தியது. சில ஆண்டுகளாகவே நாங்கள் ஒருவரிடம் ஒருவர் இவ்வளவு மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தோம்.

அன்று சாயங்காலம் அம்மாவின் எதிரிலேயே, "பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிடலாம்ணே" என்றேன். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அண்ணன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நானே கேக்கணும்னு இருந்தேன். நீ தப்பா நெனச்சிக்குவியோன்னு..." என்றார். அன்றிரவு மூவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம்.

வைகாசியில் பத்திரம் பதிவாயிற்று. களம் அண்ணன் பாகத்தில் போயிற்று. அந்த வளைந்த வெடிப்பில் கருப்பாக ஏதோ ஊற்றி அடைத்திருக்கிறார்கள். பாகூர் போகும்போதெல்லாம் அதை ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன். அகலவில்லை.