உருக்குலையில் இருந்து தப்பிய காசுகள்

பழைய பிரெஞ்சுத் தங்கக் காசுகளின் கதை ஒரு தோல்வியில் ஆரம்பிக்கிறது. 1356இல் புவாத்தியே போரில் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஜான் ஆங்கிலேயரிடம் சிக்கிக்கொண்டார். அவரை மீட்கப் பணம் வேண்டுமே! 1360இல் ஒரு தங்கக் காசு அச்சானது. குதிரை மேல் வாளோடு பாய்கிற மன்னர் அதில் இருப்பார். பெயர் 'பிராங்க்'. அந்தச் சொல்லுக்கு 'விடுதலையானவர்' என்று பொருள். காசில் உள்ள 'பிராங்குகளின் மன்னர்' என்ற வாசகத்தால் வந்த பெயர் என்பாரும் உண்டு.

1640இல் பதிமூன்றாம் லூயி தன் பெயரிலேயே 'லூயி தோர்' வெளியிட்டார். அதாவது தங்க லூயி. பின்னால் வந்த லூயிகளும் அந்தப் பெயரை விடவில்லை. ஆனால் 1785இல் நிதிப் பொறுப்பில் இருந்த கலோன், பழைய லூயிகளை வாங்கி உருக்கச் சொன்னார். 30 காசு அடித்த அதே எடைத் தங்கத்தில் இனி 32 காசு! அதற்கு முந்தைய லூயிகள் இன்று அரிதாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அப்படியானால் தப்பியவை எப்படித் தப்பின? யாரோ ஒளித்து வைத்ததால்தான். 1938இல் பாரிஸின் மூஃபத்தார் தெருவில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது, சுவருக்குள்ளிருந்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தங்க லூயிகள் கொட்டின. கூடவே ஒரு தாள். 18ஆம் நூற்றாண்டில் அரசப் பணியில் இருந்த லூயி நிவெல், அவற்றைத் தன் மகளுக்கு விட்டுச் செல்வதாக எழுதியிருந்தார். மகள் கைக்கு அது போய்ச் சேரவே இல்லை. இன்று சேகரிப்பாளர்கள் பெருமையோடு காட்டும் சில லூயிகளுக்குப் பின்னால் அப்படி ஒரு அப்பா இருக்கிறார்.

1803இல் வந்த 20 பிராங்கை மக்கள் 'நெப்போலியன்' என்றே அழைத்தார்கள். எடை 6.45 கிராம், அதில் 90 சதவீதம் தங்கம். வேடிக்கை என்னவென்றால், 1808 வரை ஒரு பக்கம் 'பேரரசர்', மறுபக்கம் 'குடியரசு' என்றே இருக்கும்!

புதிதாகச் சேர்க்க நினைப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். சேவல் போட்ட 20 பிராங்கில் 1912 என்று இருந்தாலே அது 1912இல் அச்சானது என்று நம்பிவிடாதீர்கள். 1907 முதல் 1914 வரையிலான ஆண்டுகளைப் போட்டே 1950களில் ஏராளமாக மறுபடி அச்சடித்தார்கள். இரண்டாவது, பழைய காசைத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். தங்கத்தின் எடை கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், காசின் மதிப்புதான் போய்விடும். உருக்குலையிலிருந்து தப்பி வந்ததை, நம் கையால் அழிக்க வேண்டாமே...