பீரோவில் பூத்த பூசணம்

கார்த்திகை மாதம். நாலு நாள் அடைமழை விட்ட காலையில், நன்னிலத்தில் அந்த வீட்டு அம்மா பீரோவைத் திறந்தார். முதலில் வந்தது முக்கல் வாடை.

தை மாதம் மகளுக்கு நிச்சயதார்த்தம். பாட்டியின் கல்யாணக் கூறைப் புடவையைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அவள் பிடிவாதமாக இருந்தாள். மயிலாடுதுறை கூறைநாட்டில், பட்டும் பருத்தியும் கலந்து நெய்த கட்டம் போட்ட புடவை. பாட்டி இப்போது இல்லை. அவர் நினைவாக மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

பிரித்துப் பார்த்தால், மடிப்பு நெடுக மாவு தூவியதுபோல் வெள்ளைப் பூசணம்!

"அந்துருண்டை போட்டுத்தானே வச்சேன் அத்தை..." குரல் உடைந்துவிட்டது.

"அது பூச்சிக்கும்மா. பூசணத்துக்கு அது என்ன பண்ணும்?" என்றார் மாமியார்.

பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, பட்டை, மிளகு இடித்துக் கற்பூரம் சேர்த்து, துணியில் முடிந்து சுவடிகளோடு வைப்பார்கள். அந்த முடிச்சும் முக்கியமாகப் பூச்சியை விரட்டத்தான். பூசணத்தின் கதை வேறு. அதன் நுண்விதைகள் காற்றில் எப்போதும் இருக்கின்றன. ஈரம் கிடைத்தால் முளைக்கும், அவ்வளவுதான். அறையின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குள் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. சுற்றிலும் சம்பா வயலில் தண்ணீர் நிற்கும் ஐப்பசி, கார்த்திகையில் அது சுலபமாகத் தாண்டிவிடும்.

அந்த வீட்டில் வேறு இரண்டு தப்பும் நடந்திருந்தது. சாரல் அடிக்கும் வடக்குச் சுவரோடு பீரோ ஒட்டி நின்றது. போதாக்குறைக்கு, புடவை கடைக்காரர் கொடுத்த பிளாஸ்டிக் உறையிலேயே இருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று செய்ததுதான், உள்ளே சிக்கிய ஈரத்துக்கு வெளியே போக வழியில்லை.

அன்றே பீரோவை நாலு விரற்கடை முன்னே இழுத்தார்கள். மேல்தட்டில் திணித்திருந்த பழந்துணி பாதி வெளியே போனது. அதற்குப் பின் இஸ்திரி போட்ட துணிகூட சூடு ஆறிய பிறகுதான் உள்ளே போகிறது. வெயில் தலைகாட்டும் நாளில் கதவைத் திறந்து வைத்து, மின்விசிறியைச் சுழலவிடுகிறார்கள். மழை நாளில் திறந்தால் வெளி ஈரம்தான் உள்ளே வரும். ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்றும் வாங்கினார்கள். அதில் சேரும் தண்ணீர் புடவையில் சிந்தினால் கறை, குழந்தைகள் கையில் பட்டால் எரிச்சல். அதனால் அது கீழ்த்தட்டில், எட்டாத மூலையில். புடவைகளைச் சுற்ற, துவைத்து நன்றாகக் காய்ந்த பழைய பருத்தி வேட்டி.

கூறைப் புடவையை மகள் முகக்கவசம் போட்டுக்கொண்டு, திண்ணையில் வைத்து மெல்லிய பிரஷ்ஷால் துடைத்தாள். வீட்டுக்குள் தட்டினால் தூள் பறந்து மற்ற துணியிலும் ஒட்டும்; வீசிங் உள்ளவர்களுக்கு மூச்சு முட்டும். பிறகு நிழலில் காற்றாட விட்டார்கள். பட்டு என்பதால் வினிகர், சோடா என்று எதையும் தொடாமல், கும்பகோணத்தில் ஒரு டிரை கிளீனரிடம் கொடுத்தார்கள்.

"வெள்ளை போயிடும்மா. அந்த மஞ்சள் புள்ளி நூலுக்குள்ள இறங்கிடுச்சு, அது நிக்கும்" என்றார் அவர்.

அப்படியே நின்றது, முந்தானைக்குச் சற்று உள்ளே, கட்டைவிரல் நகம் அளவுக்கு மூன்று புள்ளி. மகள் கண்ணாடி முன் நின்று கொசுவத்தை இப்படியும் அப்படியும் மாற்றிப் பார்த்தாள். மூன்றாவது மடிப்பில் அவை மறைந்துவிட்டன.